பறவை அறிஞர் சலீம் அலி

உண்பதற்கு முன் காக்கைக்கு ஒரு பிடி சோறு வைத்தல் தமிழர் இல்லங்களில் நெடுங்காலமாக இருந்துவரும் வழக்கமாகும். தாழ்வாரத்தில் நெற்கதிர்க் கொத்தைத் தொங்கவிட்டுச் சிட்டுக்குருவிகளுக்கு இரை அளித்தலும் நம் முன்னோர் கைக்கொண்ட நல்லறமே. இவ்வாறு பறவைகளுக்கு உணவிட்டு வந்த நாம், அவற்றுள் எத்தனையின் பெயரை அறிவோம்? காக்கை, சிட்டு, மைனா, கிளி, குயில், புறா என விரல்விட்டு எண்ணி முடித்தபின், எஞ்சியவற்றை எல்லாம் ஏதோ ஒரு குருவி என்று கூறி அமைந்து விடுகின்றோம். பழைய உரைகளிலும் சில பறவைப் பெயர்களுக்கு ஒருவகைப் புள் என்ற அளவிலேயே பொருள் எழுதப்பட்டிருப்பதைக் காணலாம். பெயர் தெரிந்தும் பறவை தெரியாமை புலவரின் குறை. பறவை தெரிந்தும் பெயர் தெரியாமை மற்றவரின் குறை. இவ்விரு குறைகளையும் நீக்குதற்குத் தம் வாழ்நாள் முழுவதையும் செலவிட்ட ஒரு பெரியாரின் வரலாற்றை இப்பாடத்தில் காண்போம். அதற்குமுன் தாம்பரத்தில் நிகழ்ந்த ஒரு சிறு நிகழ்ச்சியைக் கேளுங்கள்.

கொல்லைக்கு வந்த விருந்து

தாம்பரத்தில் ஒரு வீட்டின் கொல்லைப்புறம். மதில்மேல் காக்கைக்குச் சோறு வைப்பதும், மாமரத்தடியில் மண்சட்டியில் நீர் வைப்பதும் அவ்வீட்டாரின் வழக்கம். ஐப்பசித் திங்களில் ஒருநாள் இரவெல்லாம் மழை பெய்து ஓய்ந்தது. விடிந்தபின் எட்டாம் வகுப்பில் பயிலும் சிறுவன் ஒருவன் நீர் வைக்கச் சென்றான். சென்றவன் அசையாமல் நின்றான். உதிர்ந்து கிடந்த ஈரச் சருகுகளுக்கிடையே, அவன் முன்பு ஒருநாளும் கண்டறியாத பறவை ஒன்று தத்தித் தத்திச் சென்றுகொண்டிருந்தது.

வீட்டார் ஒருவர்பின் ஒருவராக வந்து பார்த்தனர். சிறகில் நீலம் கண்ட தந்தை அதனை மீன்கொத்தி என்றார். முதுகின் பச்சை நிறத்தைக் கண்ட தாய் கிளிவகையுள் ஒன்று என்றார். அடுத்த வீட்டுக்காரர், எவரோ வளர்த்த வெளிநாட்டுப் பறவை கூண்டிலிருந்து தப்பி வந்திருக்கும் என்றார். அவரவர் கண்டது ஒவ்வொரு நிறமே. முழுப்பறவையையும் ஒருவரும் நோக்கவில்லை. சிறுவன் மட்டும் தன் குறிப்பேட்டை எடுத்துவந்து தூணருகே அமர்ந்தான். உருவம் மைனாவினும் சற்றுச் சிறிது, வால் மிகக் குட்டை, கால்கள் நீண்டவை, முதுகு பச்சை, கண்ணின் வழியே ஒரு கரும்பட்டை, தொண்டை வெண்மை, வயிறு மங்கிய மஞ்சள், வாலின் அடியில் செந்நிறம், மரத்தில் இராமல் தரையிலேயே சருகைப் புரட்டி இரை தேடுகின்றது. இவ்வளவையும் எழுதியவன் பெயர் என்ற இடத்தில் ஒன்றும் எழுதாமல் வெற்றிடம் விட்டான். அறியாததை அறியேன் என்று விட்டுவைத்த அவ்வெற்றிடமே அறிவின் தொடக்கமாகும்.

பெயர் அறியாத பறவையைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற சிறுவன் ஒருவன் நூறு ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தான். அவன் நின்றது பம்பாய் நகரத்தில். அவன் கேட்ட ஒரு கேள்வி, இந்திய நாட்டுப் பறவைகளுக்கெல்லாம் ஒரு வரலாற்று ஆசிரியரைத் தந்தது. அச்சிறுவனே பிற்காலத்தில் உலகம் போற்றிய சலீம் அலி.

இளமைப் பருவம்

சலீம் அலி 1896-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 12-ஆம் நாள் பம்பாயில் பிறந்தார். ஒன்பது மக்களுள் அவரே கடைக்குட்டி. ஒரு வயதில் தந்தையார் மொய்சுதீன் மறைந்தார். மூன்று வயதில் அன்னையார் சீனத்துன்னிசாவும் மறைந்தார். தாய் தந்தையரை இழந்த அக்குழந்தையைத் தாய்மாமனாகிய அமீருதீன் தயாப்ஜி என்பவரும், மக்கட்பேறு இல்லாத அவர்தம் துணைவியார் அமீதா பேகமும் தம் பிள்ளையாகவே ஏற்று வளர்த்தனர்.

மாமன் வேட்டையில் பெருவிருப்பம் உடையவர். வேட்டையாடுதல் வீரம் என்றும், பொழுதுபோக்கு என்றும் கருதப்பட்ட காலம் அது. ஆதலின் சிறுவன் கையிலும் சிறு காற்றுத் துப்பாக்கி ஒன்று வந்து சேர்ந்தது. தோட்டத்திலும் குதிரை லாயத்திலும் குருவிகளைச் சுடுவதே அவனுடைய விளையாட்டாயிற்று. ஆயினும் அவ்விளையாட்டிலும் அவன் கண்கள் ஓயவில்லை. லாயத்தில் கூடு கட்டியிருந்த பெண் சிட்டு ஒன்றின் துணையை அவன் சுட்டு வீழ்த்தியபின், சின்னாட்களில் அப்பெண் சிட்டுக்கு வேறோர் ஆண் சிட்டு துணையாக வந்தமையைக் கண்டு குறித்து வைத்தான். அக்குறிப்புப் பல ஆண்டுகள் கழித்து அறிஞர்தம் இதழில் வெளியிடத் தக்கதாக மதிக்கப்பட்டது. கொடுமையான விளையாட்டின் நடுவிலும் உற்று நோக்கும் பழக்கம் அவனிடம் அரும்பியிருந்தது என்பதை இதனால் அறியலாம்.

மஞ்சள் தொண்டைச் சிட்டு

அவருக்கு ஏறத்தாழப் பத்து வயது நடந்தபொழுது, ஒருநாள் சுட்டு வீழ்த்திய சிட்டைக் கையில் எடுத்தார். எடுத்தவர் திகைத்தார். உருவில் அஃது ஊர்க்குருவியைப் போன்றே இருந்தது. ஆனால் தொண்டையில் மஞ்சள் பூசினாற்போன்று ஒரு திட்டு இருந்தது. இத்தகைய சிட்டை அவர் முன்பு கண்டதில்லை. இதன் இறைச்சி தம் சமயத்தார் உண்ணத் தகுமோ தகாதோ என்ற ஐயமும் எழுந்தது. உடனே மாமனிடம் ஓடினார். எத்தனையோ காடுகளில் வேட்டையாடிய மாமனுக்கும் அப்பறவை இன்னதென்று தெரியவில்லை.

ஈண்டு அம்மாமனின் பெருந்தன்மையை நாம் எண்ணிப் பார்த்தல் வேண்டும். சிறுவன்தானே என்று வாய்க்கு வந்த ஒரு பெயரைச் சொல்லி அவர் அனுப்பியிருக்கலாம். எல்லாம் சிட்டுத்தான், போய் விளையாடு என்று அதட்டியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தமக்குத் தெரியாது என்பதை ஒப்புக்கொண்டார். தெரிந்தவர் இருக்கும் இடத்தைக் காட்டினார். 1883-ஆம் ஆண்டில் தோன்றிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தில் மதிப்பியல் செயலாளராக இருந்த மில்லார்டு என்னும் ஆங்கிலேயருக்கு ஒரு கடிதம் எழுதிச் சிறுவன் கையில் கொடுத்தார்.

இறந்த குருவியைத் தாளில் பொதிந்துகொண்டு சலீம் அக்கழகத்தின் வாயிலில் நின்றார். ஆங்கிலேயரை அணுகிப் பேசி அறியாத சிறுவன் அவர். உள்ளே செல்லக் கால் தயங்கிற்று. ஆயினும் அறிய வேண்டும் என்னும் வேட்கை அச்சத்தை வென்றது. மில்லார்டு அச்சிறுவனை அன்புடன் வரவேற்றார். பொதியைப் பிரித்துப் பார்த்த அளவில், அது மஞ்சள் தொண்டைச் சிட்டு என்று கூறினார். கூறியதோடு அமையாமல், பேழைகளைத் திறந்து, பாடம் செய்து வைத்திருந்த பல்வகைச் சிட்டுகளை எடுத்துப் பரப்பி, ஒன்றற்கும் மற்றொன்றற்கும் உள்ள வேறுபாட்டை விளக்கினார். ஒரு பேழை மூடியபின் மற்றொரு பேழை திறந்தது. சிட்டு என்னும் ஒரு சொல்லுக்குள் இத்தனை வகைகள் அடங்கிக் கிடந்தனவா என்று சிறுவன் வியந்தார். பறவைகளைப் பற்றிய நூல்களையும் மில்லார்டு படிக்கக் கொடுத்தார். பறவை உடலைப் பாடம் செய்யும் முறையையும் கற்பிக்க ஏற்பாடு செய்தார்.

வழக்கமாக வீழும் குருவிகளுள் ஒன்றாக எண்ணிச் சலீம் அச்சிட்டை எறிந்திருப்பின், அன்றோடு அச்செய்தி முடிந்திருக்கும். தொண்டையில் இருந்த ஒரு சிறு மஞ்சள் திட்டு ஒரு மனிதரின் வாழ்வையே திருப்பிவிட்டது. கேட்டு அறிதலின் சிறப்பை உணர்த்தவே வள்ளுவப் பெருந்தகை கேள்வி என்று ஒரு தனி அதிகாரம் வகுத்தார். அறிந்தார் வாயிற் கேட்ட அறிவு எவ்வளவு பெரும்பயன் தரும் என்பதற்குச் சலீம் அலியின் வாழ்வு ஒரு சான்றாகும்.

இடையூறுகள்

இவ்வளவு ஆர்வம் உடையவர் பள்ளியில் முதல் மாணவராக விளங்கியிருப்பார் என்று நீங்கள் எண்ணலாம். அவ்வாறன்று. நீங்காத தலைவலியினால் அவர் படிப்பு அடிக்கடி தடைப்பட்டது. 1913-ஆம் ஆண்டு மெட்ரிகுலேஷன் தேர்வில் அரிதாகவே தேறினார். கல்லூரியில் சேர்ந்தும் படிப்பை முடிக்காமல், குடும்பத்தார் நடத்திய சுரங்கத் தொழிலையும் மரத் தொழிலையும் பார்த்துக்கொள்ளப் பர்மா நாட்டுத் தவாய்ப் பகுதிக்குச் சென்றார். அங்கே வாணிகம் வளரவில்லை; பறவை அறிவு வளர்ந்தது. கணக்கேடுகளைப் பார்க்க வேண்டிய கண்கள் காட்டு மரங்களின் உச்சியை நோக்கின.

பம்பாய்க்குத் திரும்பியபின் வாணிகக் கல்வியும் விலங்கியலும் ஒருங்கே பயின்றார். 1918-ஆம் ஆண்டு தெகமினா என்னும் நங்கையை மணந்தார். பறவை நூல் ஒன்றே தமக்கு உரிய துறை என்று துணிந்து, இந்திய விலங்கியல் ஆய்வுத்துறையில் பறவை அறிஞர் பதவிக்கு முயன்றார். பல்கலைக்கழகப் பட்டம் இல்லாமையால் அப்பதவி அவருக்குக் கிடைக்கவில்லை. 1926-ஆம் ஆண்டில் பம்பாய்ப் பொருட்காட்சிச் சாலையின் இயற்கை வரலாற்றுப் பகுதியில், காண வருவோர்க்கு விளக்கம் கூறும் பணி கிடைத்தது. ஈராண்டுகளில் அவருக்கு ஓர் உண்மை புலனாயிற்று. பிறர்க்கு விளக்கம் கூறுவதற்குத் தம் அறிவு போதாது என்பதே அது. ஆகவே 1928-ஆம் ஆண்டு விடுப்புப் பெற்றுச் செருமனி நாட்டுக்குச் சென்று, பெர்லின் நகரில் எர்வின் ஸ்திரேசமன் என்னும் பேராசிரியரிடம் பறவை ஆராய்ச்சி முறைகளைப் பயின்றார். அப்பேராசிரியரைத் தம் குருவாகவே இறுதிவரை போற்றினார். பறவைகளின் காலில் வளையம் இட்டு அவை செல்லும் வழியை அறியும் முறையையும் அந்நாட்டில் கண்டறிந்தார்.

நிறைந்த கல்வியோடு 1930-ஆம் ஆண்டில் தாயகம் திரும்பியவருக்கு ஒரு செய்தி காத்திருந்தது. பொருள் முடையினால் அவருடைய பதவியே நீக்கப்பட்டிருந்தது.

தூக்கணாங்குருவி ஆராய்ச்சி

வேலை இழந்தவர் கடற்கரைச் சிற்றூராகிய கிகிம் என்னும் இடத்தில் சென்று தங்கினார். வருவாய் இல்லை; ஆனால் ஓய்வு இருந்தது. வீட்டருகே தூக்கணாங்குருவிகள் கூடு கட்டத் தொடங்கியிருந்தன. காற்றில் ஆடும் குடுவை போன்ற அக்கூடுகளை நம் நாட்டில் காணாதவர் இலர். கண்டு வியந்தவர் பலர்; நாள்தோறும் அமர்ந்து அவற்றின் வாழ்வை ஆராய்ந்தவர் மிகச் சிலர். சலீம் அலி மறைவிடம் அமைத்துத் திங்கட்கணக்கில் அவற்றை நோக்கினார்.

அதன் பயனாக ஒரு புதிய உண்மை வெளிப்பட்டது. கூடு பின்னுவது ஆண்குருவி. பாதிக்கூடு முடிந்த நிலையில் பெண்குருவிகள் வந்து அதனைச் சோதித்துப் பார்க்கின்றன. ஒரு பெண்குருவி கூட்டை ஏற்றுக்கொண்டபின்னரே ஆண்குருவி எஞ்சிய பகுதியைப் பின்னி முடிக்கின்றது. பெண்குருவி முட்டையிட்டு அடைகாக்கத் தொடங்கியதும் ஆண்குருவி வேறொரு கூடு கட்ட முற்பட்டு, அதில் மற்றொரு பெண்ணைக் குடியமர்த்துகின்றது. இவ்வாறு ஓர் ஆண்குருவி ஒன்றன்பின் ஒன்றாகப் பல குடும்பங்களை அமைக்கின்றது. அறிஞர் உலகம் இவ்வாராய்ச்சியைக் கண்டு அவரை மதிக்கத் தொடங்கியது. கூடு இழந்த பறவை போல் இருந்தவர்க்குக் குருவிக்கூடே புகழ் தந்தது.

நாடெங்கும் நடந்த ஆராய்ச்சி

அக்காலத்தில் இந்தியாவின் பல பகுதிகளில் எவ்வெப் பறவைகள் வாழ்கின்றன என்பதே ஒழுங்காக எழுதப்படவில்லை. மன்னர் ஆட்சியில் இருந்த நாடுகள் செலவுக்குப் பொருள் தந்தால், தாம் ஊதியம் இன்றியே அப்பணியைச் செய்வதாகச் சலீம் அலி முன்வந்தார். ஐதராபாத், திருவிதாங்கூர், கொச்சி, குவாலியர், இந்தூர், போபால் எனப் பல நாடுகளில் ஆராய்ச்சி நடைபெற்றது. 1933-ஆம் ஆண்டில் மறையூர் முதலிய மேற்குத் தொடர்ச்சி மலைப் பகுதிகளிலும் அவர் சுற்றினார். பல பயணங்களில் துணைவியார் தெகமினாவும் உடன் சென்றார். காட்டில் கூடாரம் அமைத்தல், குறிப்புகளைச் செப்பம் செய்தல் ஆகியவற்றில் அவ்வம்மையார் உறுதுணையாய் நின்றார். 1939-ஆம் ஆண்டில் ஒரு சிறிய அறுவை மருத்துவத்தின்பின் அவர் எதிர்பாராது மறைந்தார். அத்துயரம் சலீம் அலியைப் பெரிதும் வாட்டியது. பின்னர்த் தமக்கையார் வீட்டில் வாழ்ந்து, எஞ்சிய காலம் முழுவதையும் பறவைகளுக்கே உரியதாக்கினார்.

ஆராய்ச்சியின் பொருட்டு அவரும் பறவைகளைச் சுட்டுப் பாடம் செய்தது உண்டு. கையில் வைத்து அளந்து ஒப்பிட்டால் அன்றி இனம் பிரித்து அறிய இயலாத பறவைகள் பல. ஆயினும் பொழுதுபோக்கிற்காக உயிரைக் கொல்லுதலுக்கும், அறிவின் பொருட்டு அளவோடு சேகரித்தலுக்கும் உள்ள வேறுபாட்டை அவர் மறக்கவில்லை. விளையாட்டாகத் துப்பாக்கி ஏந்திய கை, பிற்காலத்தில் இருகண் தொலைநோக்கியையும் குறிப்பேட்டையுமே பெரிதும் ஏந்தியது.

பிழையை ஒப்புக்கொள்ளும் பண்பு

பறவையை இனம் அறிதலில் கண்கூர்மை எவ்வளவு வேண்டுமோ, அவ்வளவு நேர்மையும் வேண்டும். இதனை விளக்கும் நிகழ்ச்சிகள் இவர் வாழ்வில் பல.

ஹியூ விஸ்லர் என்னும் ஆங்கிலேயர் அக்காலத்தில் இந்தியப் பறவைகளைப் பற்றிய நூல் எழுதிப் பெரும்புகழ் பெற்றவர். அவர் எழுதியதில் ஒரு பிழை உள்ளது என்று சலீம் அலி சுட்டிக்காட்டினார். பெயர் அறியாத ஓர் இந்தியர் தம்மிடம் குற்றம் காண்பதா என்று விஸ்லர் வெகுண்டார்; கழகத்தின் இதழாசிரியர்க்குச் சினந்து எழுதினார். ஆயினும் பின்னர்த் தம்மிடம் இருந்த பறவை உடல்களை மீண்டும் எடுத்து ஆராய்ந்தார். பிழை தம்முடையதே என்று கண்டார். அதனை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார். அன்று தொடங்கி இருவரும் இணைபிரியா நண்பராயினர். பிழை சுட்டிய இளைஞரின் துணிவும், பிழையை ஏற்ற பெரியவரின் நேர்மையும் ஒன்றற்கொன்று குறைந்தன அல்ல.

இமயமலைக் காடை என்று ஒரு பறவை உண்டு. 1876-ஆம் ஆண்டுக்குப்பின் அதனைக் கண்டதற்கு உறுதியான சான்று இல்லை. அதனைத் தேடிச் சலீம் அலி மலைகளில் அலைந்தார், காணவில்லை. காணவில்லை என்றே எழுதினார். கண்டேன் என்று ஒரு சொல் எழுதியிருப்பின் உலகம் நம்பியிருக்கும். அச்சொல்லை அவர் எழுதவில்லை.

நம் தமிழ்நாட்டைச் சார்ந்த மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 1948-ஆம் ஆண்டில், இன்று தேனி மாவட்டத்தில் உள்ள மேகமலைப் பகுதியில் ஹட்டன் என்பவர் பழந்தின்னி வௌவால் ஒன்றைப் பிடித்துப் பம்பாய்க் கழகத்துக்கு அனுப்பினார். அது வேறொரு வௌவாலின் பெயர் எழுதப்பட்டுக் கழகத்தின் பேழைக்குள்ளேயே 24 ஆண்டுகள் கிடந்தது. 1972-ஆம் ஆண்டில் தாய்லாந்து நாட்டு அறிஞர் கிட்டி தொங்லோங்யா என்பவர் அதனைக் கூர்ந்து ஆராய்ந்து, அஃது உலகம் அதுவரை அறியாத புதிய இனம் என்று கண்டறிந்தார். அதற்குச் சலீம் அலியின் பெயரையே இட்டார். அறிஞர் நிறைந்த இடத்திலும் தவறான பெயர் ஒட்டப்படுவது உண்டு. மீண்டும் ஒருமுறை பார்ப்பவர் வரும்வரை அப்பிழை நீங்குவதில்லை. நன்கு தெரிந்ததாகக் கருதும் பொருளையும் மறுமுறை பார்த்தல் வேண்டும் என்னும் பாடத்தை நம் மேகமலை வௌவால் நமக்குக் கற்பிக்கின்றது.

நூல்கள்

தாம் அரிதில் பெற்ற அறிவை எளிய மக்களுக்கும் வழங்க விழைந்து, 1941-ஆம் ஆண்டில் இந்தியப் பறவைகள் பற்றிய நூல் ஒன்றை வண்ணப் படங்களுடன் ஆங்கிலத்தில் வெளியிட்டார். அளவு, நிறம், வாழும் இடம், உண்ணும் இரை, குரல், கூடு கட்டும் முறை என ஒவ்வொரு பறவைக்கும் உரிய செய்திகளை அந்நூல் தெளிவாகக் கூறிற்று. பறவை நூல் என்பது அறிஞர்க்கே உரியது என்ற நிலை மாறியது. விடுதலைப் போராட்டக் காலத்தில் சிறையில் இருந்த நேரு பெருமகனார், தம் மகள் இந்திராவுக்கு இந்நூலைப் பரிசாக அளித்தார் என்பர். சிறைச்சாளரத்தின் வழியே பறவைகளைக் காணும் கண்ணை அந்நூல் தந்தது எனலாம்.

பின்னர் அமெரிக்க அறிஞர் தில்லன் ரிப்ளியுடன் சேர்ந்து, இந்தியா, பாகிஸ்தான் நாடுகளின் பறவைகளைப் பற்றிய பெருநூலை 10 தொகுதிகளாக எழுதினார். 1968 முதல் 1974 வரை அத்தொகுதிகள் வெளிவந்தன. தொடங்கியபொழுதே அவர் எழுபதை அணுகியிருந்தார். முடித்தபொழுது அகவை எழுபத்தெட்டை எட்டியது. முதுமை அவருக்கு ஓய்வின் பருவம் ஆகவில்லை.

பறவைகளின் காவலர்

நாடு விடுதலை பெற்றபின், பொருள் இன்றி வாடிய பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தை நேருவின் உதவியை வேண்டிப் பெற்று நிலைநிறுத்தினார். பரத்பூர் நீர்நிலை பறவைகளின் புகலிடமாகக் காக்கப்பட்டதிலும், கேரளத்து அமைதிப் பள்ளத்தாக்குக் காடு அழியாமல் நின்றதிலும் அவருடைய குரலுக்குப் பங்கு உண்டு. நம் கோடியக்கரையின் சிறப்பையும் அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1967-ஆம் ஆண்டில் அப்பகுதி புகலிடமாக அறிவிக்கப்பட்டது. வடநாடுகளிலிருந்து கடலும் மலையும் கடந்து வரும் பறவைகளுக்கு எண் பொறித்த வளையம் இட்டு ஆராயும் பணியை அவருடைய கழகம் அங்கு நடத்தியது. செங்கற்பட்டு மாவட்டத்து வேடந்தாங்கலில், பறவைகளின் எச்சம் ஏரி நீரை உரமாக்கி வயலை வளப்படுத்துவதை அறிந்த உழவர்கள், சட்டம் வருவதற்கு முன்பே அவற்றைக் காத்து வந்தனர். மக்கள் அறிந்தால் காப்பர் என்பதற்கு அதனினும் சிறந்த சான்று வேண்டா.

இந்திய அரசு அவருக்கு 1958-ஆம் ஆண்டில் பத்மபூஷண் விருதும், 1976-ஆம் ஆண்டில் பத்மவிபூஷண் விருதும் வழங்கியது. உலக அளவில் பெற்ற பெரும்பரிசுப் பொருளையும் அவர் தமக்கென வைத்துக்கொள்ளாமல் இயற்கைப் பாதுகாப்புக்கே வழங்கினார். பட்டம் இல்லை என்று ஒருகாலத்தில் பதவி மறுக்கப்பட்டவரை, பின்னர்ப் பல்கலைக்கழகங்கள் அழைத்துப் பட்டம் சூட்டின. 1985-ஆம் ஆண்டில் நாடாளுமன்ற மேலவையில் நியமன உறுப்பினரானார். அவ்வாண்டிலேயே தம் வரலாற்று நூலையும் வெளியிட்டார். சிறு வயதில் வீழ்த்திய சிட்டின் நினைவே அந்நூலின் பெயராக அமைந்தது.

1986-ஆம் ஆண்டில் ஓர் அரிய செய்தி வந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் மருத்துவராக இருந்த ஜெர்டன் கண்டெழுதிய பறவை ஒன்று, 1900-ஆம் ஆண்டுக்குப்பின் எவர் கண்ணிலும் படாமையால் அற்றுப்போயிற்று என்று கருதப்பட்டது. அதனைக் கழகத்து ஆய்வாளர் ஒருவர் ஆந்திர நாட்டுக் கடப்பை மாவட்டத்துப் புதர்க்காட்டில் மீண்டும் கண்டுபிடித்தார். அறிஞர் உலகம் இழந்ததாக எண்ணிய அப்பறவையை அவ்வூர் மக்கள் கலிவிக்கோடி என்னும் பெயரால் அறிந்தே இருந்தனர்! தொண்ணூறை நெருங்கியிருந்த முதியவரின் உள்ளம் அச்செய்தியால் குளிர்ந்தது. 1987-ஆம் ஆண்டு சூன் திங்கள் 20-ஆம் நாள் சலீம் அலி பம்பாயில் மறைந்தார். கோயம்புத்தூரை அடுத்த ஆனைகட்டியில் அவர் பெயரால் 1990-ஆம் ஆண்டில் ஒரு பறவை ஆராய்ச்சி நிலையம் அமைக்கப்பட்டது. அது தமிழகத்துக்குக் கிடைத்த பேறாகும்.

வெற்றிடம் நிரம்பியது

இனித் தாம்பரத்துச் சிறுவனிடம் திரும்புவோம். குறிப்பேட்டுடன் அவன் ஊர் நூலகத்துக்குச் சென்றான். அங்கிருந்த சலீம் அலியின் நூலைப் பக்கம் பக்கமாகப் புரட்டினான். மீன்கொத்தியின் படத்தைப் பார்த்தான். நீலம் ஒத்தது, அலகு ஒக்கவில்லை. கிளியின் படத்தைப் பார்த்தான். பச்சை ஒத்தது, வால் ஒக்கவில்லை. பின்னர் ஒரு படத்தில் அவன் விரல் நின்றது. குட்டை வால், நீண்ட கால், கண்வழிக் கரும்பட்டை, வெண்தொண்டை, வாலடிச் செம்மை என எழுதியவை யாவும் ஒவ்வொன்றாக ஒத்தன. பிட்டா என்பது ஆங்கில நூல் கூறிய பெயர். இமயத்தின் அடிவாரத்திலும் நடு இந்தியக் காடுகளிலும் குஞ்சு பொரித்து, குளிர்காலத்தைத் தென்னாட்டிலும் இலங்கையிலும் கழிக்க இரவில் பறந்து வருவது அது. கூண்டிலிருந்து தப்பியதன்று; நாட்டின் ஒரு பகுதியிலிருந்து மறுபகுதிக்கு வந்த நம் விருந்தாளியே.

மறுநாள் விடியற்காலை ஆறு மணி அளவில் கொல்லையிலிருந்து இரட்டைச் சீழ்க்கை ஒலி ஒன்று எழுந்தது. திண்ணையில் அமர்ந்திருந்த பாட்டியார் செவிசாய்த்தார். இஃது ஆறுமணிக்குருவியின் குரல் அன்றோ என்றார். காலையும் மாலையும் ஆறுமணிப் பொழுதில் குரல் கொடுப்பதால் கிராமத்தில் அதற்கு அப்பெயர் என்றும், புதருக்குள் மறைந்தே திரிவதால் குரலைக் கேட்டதன்றி உருவைத் தாம் கண்டதில்லை என்றும் கூறினார். பேரன் அவரைக் கைப்பிடித்து அழைத்துச் சென்று மாமரத்தடியைக் காட்டினான். எழுபது ஆண்டுகளாகச் செவியால் மட்டுமே அறிந்த பறவையைப் பாட்டியார் அன்று கண்ணாரக் கண்டார். சிறுவன் குறிப்பேட்டைத் திறந்து, பெயர் என்ற வெற்றிடத்தில் ஆறுமணிக்குருவி என்று எழுதினான்.

மாணவர்களே! உங்கள் வீட்டு மதில்மேலும் மரத்தடியிலும் பெயர் அறியாத பறவைகள் நாள்தோறும் வந்து செல்கின்றன. அவற்றின்மேல் கல் எறியாதீர்கள். ஏதோ ஒரு குருவி என்று கூறிக் கடந்து போகாதீர்கள். நின்று பாருங்கள், கண்டதைக் கண்டவாறே எழுதுங்கள், தெரியாததைத் தெரியாது என்று சொல்ல நாணாதீர்கள், நூலையும் நாடுங்கள், முதியோரையும் கேளுங்கள். பெயர் சொல்லி அழைக்கத் தெரிந்த உயிரைக் காக்காமல் விட நம் நெஞ்சம் இசையாது. ஒரு சிட்டின் பெயரைக் கேட்டு அறிந்த சிறுவரே நாட்டுப் பறவைகளின் காவலராக உயர்ந்தார் என்பதை என்றும் மறவாதீர்கள்.